ஓரத்தில் வெட்டுப்பட்ட ஓய்வு ஆண்டு

பிழையைச் சுண்டக் காய்ச்சிக் காரணத்தை வடித்தெடுக்கும் பொறுமையே! கோணல் கோட்டைக் கண்டால் கோபிக்காமல் குனிந்து பார்க்கும் குணமே! எங்கள் நீர்மட்ட அளவீட்டுப் பிரிவின் அளவுகோல் அக்கா அவர்களே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாழ்த்தத் தொடங்கும் முன் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் நீங்கள் தீர்த்துவைத்த பிழைகளை வரைபடமாக்கி இம்மடலின் தலைப்பில் வைக்க எண்ணி, நீங்கள் பராமரிக்கும் வரைபடக் கருவியிலேயே வரைந்தோம். எல்லாம் ஒழுங்காக வந்தது. வலது ஓரத்தில் இருந்த இந்த ஆண்டின் எண் மட்டும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதே படத்தை அதே கோப்பில் இரண்டாம் பக்கத்திலும் வரையச் சொன்னோம். அங்கே முழுதாக வந்தது!

"அக்கா ரிட்டயர் ஆகக் கூடாதுன்னு அவங்க டிரைவரே அடம் பிடிக்குது, பாருங்க" என்றார் நம் பிரிவின் வரைவாளர்.

அவையோருக்காக ஒரு விளக்கம். கோடு எங்கே போக வேண்டும் என்று கருவி கணக்கிடும். அந்தக் கணக்கைப் படமாகக் கோப்பில் எழுதுவது டிரைவர் என்னும் சிறு நிரல். அதற்கு எழுத்துகளின் அளவு தெரியாது. 'இந்த எண் எவ்வளவு அகலம்?' என்று லைப்ரரி என்னும் வேறொரு நிரலைக் கேட்டு, அந்த அளவுக்கு ஓரத்தில் இடம் விடும். யாரும் எடுத்தாளவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டவை இவை. எடுத்தாளப் பலர் உண்டு. பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. லைப்ரரியை எழுதியவர் பாதியில் விட்டுப் போனபோது, டிரைவரோடு அதையும் உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

"எங்கம்மாவைக்கூடச் சமாளிச்சுட்டா. இந்த லைப்ரரியோடதான் தினம் மல்லுக்கட்டு" என்று உங்கள் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு நெருங்கியதும் கருவியை உருவாக்கும் குழுவுக்கு நீங்கள் எழுதியதை அறிவோம். ஏற்க ஆளில்லை என்றால் அடுத்த பதிப்பில் டிரைவரை நீக்கிவிடுங்கள், அரைகுறையாக ஓடுவது ஆபத்து என்றீர்கள். நீக்கினால், மதகு திறப்போர் காலையில் பார்க்கும் ஆற்று நீர்மட்டப் படங்கள் நின்றுபோகும். வெட்டுப்பட்ட எண்ணைப் பற்றி உங்களைக் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பீர்கள். கேட்டுவிட்டால், ஏற்க ஆளில்லை என்பதை நாங்களே உறுதி செய்தவர்களாவோம். ஆகவே வாயை மூடிக்கொண்டோம்.

"முழுப் படத்தையும் தூக்கிட்டு வராதீங்கப்பா, சுண்டக் காய்ச்சிட்டு வாங்க" என்பீர்களே, அதையே செய்தோம். வண்ணத்தை எடுத்தோம், பிழை இருந்தது. கோடுகளை எடுத்தோம், அச்சுகளை எடுத்தோம், அப்போதும் இருந்தது. கடைசியில் வெற்றுப் பக்கத்தின் ஓரத்தில் அந்த ஓர் எண் மட்டும் மிஞ்சியது, அதுவும் வெட்டுப்பட்டே!

"இதுக்கு மேல காய்ச்சினா பாத்திரம்தான் மிஞ்சும்" என்றார் வரைவாளர். பிறகு, லைப்ரரி சொல்லும் அகலத்தைத் திரையில் காட்டச் செய்தோம். ஒரே எண்ணுக்கு முதலில் குறைந்த அகலத்தையும் அடுத்த முறை சரியான அகலத்தையும் சொன்னது. முடிச்சு அவிழ்ந்தது.

தவறு உங்களுடையது, அக்கா! வேகம் கூடட்டும் என்று, முதல் எழுத்தை வரையும்வரை, எழுத்துகளின் அளவு அடங்கிய எழுத்துருவைத் திறக்காதபடி லைப்ரரியை மாற்றியவர் நீங்கள். திறக்கும் முன் கேட்டால் அது அகலத்தை ஊகித்துத்தான் சொல்லும். வரைவதற்கு முன்பே டிரைவர் அகலம் கேட்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால், ஒன்று மற்றொன்றிடம் சொல்லிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போனது. இனி லைப்ரரி வரைவாளரிடம்; டிரைவர், இம்மடலை எழுதிப் படிக்கும் என்னிடம். மாற்றம் எதுவானாலும் ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழுவுக்கு எழுதிவிட்டோம், டிரைவரை நீக்கவில்லை என்று பதிலும் வந்துவிட்டது.

நோய் நொடியின்றி, நிறைந்த உறக்கத்தோடு, பிழைக் கடிதம் ஒன்றும் வராத காலைகளோடு நீடு வாழ்க! இந்த மடலின் தலைப்பில் உள்ள படத்தை ஒருமுறை பாருங்கள். இந்த ஆண்டு முழுதாக இருக்கிறது. செய்தது இவ்வளவுதான்: எழுத்துருவைத் திறக்கும் வரியை, அகலம் கேட்கும் வரிக்கு மேலே நகர்த்தினோம்.

இங்ஙனம்,
நீர்மட்ட அளவீட்டுப் பிரிவினர்