இடது பக்கப் பள்ளம்

தம்பி நடக்கப் போயிருக்கிறான், திரும்ப முக்கால் மணி நேரமாகும். நீங்கள் நிதானமாகவே உட்காரலாம். அந்தத் துணிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் துவைத்தவைதான், மடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

நீங்கள் வந்து டிரம்மை வாங்கிக்கொண்டு போன அன்று நான் காய்கறிக் கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் அலமாரியின் மேல்தட்டு காலி. "சும்மா தூசி தின்னுட்டுக் கிடக்குது, யாராவது வாசிக்கட்டும் அண்ணா" என்றான். நானும் சரி என்றேன். வாங்கியவர் வாத்தியங்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் என்று அவன் சொன்னதும்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இரண்டு நாள் போனதும், வந்தால் வரட்டும் என்று ஆகிவிட்டது. ஒரு விஷயத்தைப் பதினைந்து வருஷம் வயிற்றுக்குள் வைத்துக் காப்பதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்கு விடுமுறையும் கிடையாது.

நீங்கள் போனில் கேட்டது நியாயமான கேள்வி. டிரம்மின் கீழ் விளிம்பில் பசை ஒட்டியிருந்த தடம் இருக்கிறது, ஒட்டியிருந்த பொருளைக் காணவில்லை. பதிலைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

அம்மா போனபோது தம்பிக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. பம்பு செய்யும் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அவனுக்குத் தலை துவட்டியது, பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். பெண் பார்க்கலாம் என்று ஓரிருவர் சொன்னார்கள். அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்றேன். அவன் நிலைக்கு வந்தபோது அப்படிச் சொல்ல யாரும் மிச்சமில்லை.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் அந்த ஸ்னேர் டிரம் வந்தது. அவன் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால் செய்தது, முழுப் பித்தளை. வாசித்து ஓய்ந்த ஒரு பேண்ட்காரர் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் முறை தட்டியதும் அவன் முகம் வாடிப் போனது. பலமாக அடித்தால் கணீரென்று பேசியது. மெதுவாக உருட்டினால் இடது பக்கத்துச் சத்தத்தை யாரோ விழுங்கிவிட்டது போல இருந்தது.

அவன் தூங்கப் போனதும் பிரித்துப் பார்த்தேன். அடித்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள் ஓடுகின்றனவே, அவை விளிம்பைக் கடக்கும் இரண்டு இடத்திலும் லேசாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இதில் இடது பக்கத்துப் பள்ளத்தை ஒரு மயிரிழை கூடுதல் ஆழமாக வெட்டிவிட்டார்கள். ஃபேக்டரியிலேயே நடந்த தப்பு. அங்கே தோல் தொய்ந்து கம்பியைத் தொடாமல் நின்றது. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து பழகிய கண்ணுக்கு அது பெரிய கிணறு மாதிரி தெரிந்தது. சட்டைப்பையில் ஒரு பல் டாக்டரின் விசிட்டிங் கார்டு இருந்தது. அதில் ஒரு கீற்று வெட்டி, பள்ளத்தில் ஒட்டி, தோலை மறுபடி இழுத்துக் கட்டினேன். அவ்வளவுதான். காலையில் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். என்ன செய்தாய் என்று கேட்டான். "சும்மா முறுக்கி விட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்கே சரியாகத் தெரியாது.

அதன்பின் பத்து வருஷம் நன்றாகப் போயிற்று. சின்னக் குழு, பெரிய குழு, ரெக்கார்டிங் என்று அவன் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது. நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவனோடேயே போனேன். டிரம்களைத் தூக்குவேன், ஸ்டாண்டை நிறுத்துவேன், தோலை முறுக்குவேன். மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவன் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்ப்பான். நான் தலையாட்டினால்தான் அடுத்த பாட்டு. இடுப்பு அப்போதே போய்விட்டது, ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு கப்பல் வந்தது. பயணிகள் கப்பலில் வாசிக்கும் பெரிய குழு ஒன்று. இரண்டு வருஷத்துக்கு ஆள் எடுத்தார்கள், இவனைத்தான் கேட்டார்கள். சமையலறையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னான்.

"டிரம் கட்டறதுக்கு அவங்ககிட்டயே ஆள் இருக்காங்களாம் அண்ணா. இனிமே நீ எதையும் தூக்க வேண்டாம். வீட்ல இரு, ரெஸ்ட் எடு."

அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நல்லது என்றேன்.

கப்பல்காரர்கள் ஒரு முறை நேரில் கேட்க வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் தோலைக் கழற்றி அந்தக் கீற்றை எடுத்துவிட்டேன். நான் எதையும் உடைக்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே திருப்பி வைத்தேன், அவ்வளவே.

அவர்கள் கேட்டது ஒரு மெல்லிய பாட்டு. முழுக்க முழுக்கச் சின்ன உருட்டல்கள். இடது கை அடிகள் பாதி காணாமல் போயின. அவன் இரண்டு முறை நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு மறுபடி வாசித்தான். அவர்கள் மரியாதையான மனிதர்கள், கையைக் கவனியுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தான். அதோடு முடிந்துவிடும், நாலு நாளில் கீற்றைப் பழையபடி ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறு மாதம் என்று கெடு சொல்லிவிட்டார்களே. ஒட்டினால் கை சரியாகிவிடும், கை சரியானால் கப்பல்.

ஒரு நாள் நேராகவே கேட்டான். "அண்ணா, டிரம்லயே ஏதாவது கோளாறு இருக்குமா?"

"டிரம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் முட்டாளில்லை. கடைக்குப் போய் ஒரு புது டிரம்மில் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தான், அதில் கை நன்றாக ஓடுகிறதாம். அவனை உட்கார வைத்துப் பேசினேன். கடை டிரம் எல்லாத் தப்பையும் மூடி மறைக்கும், நல்ல டிரம்தான் உள்ளதைச் சொல்லும் என்றேன். எழுந்து போய்ப் பழைய டிரம்மின் முன்னாலேயே உட்கார்ந்தான். என் காதை அவன் தன் காதைவிட அதிகம் நம்புகிறவன். டிரம்மை ஸ்டாண்டில் பாதிச் சுற்று திருப்பி வைத்திருந்தால் கோளாறு வலது கைக்கு மாறியிருக்கும், அந்த நிமிஷமே அவனுக்குப் புரிந்திருக்கும். ஆனால் டிரம்மை நிறுத்தியது எப்போதும் நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் இடது கையை மட்டும் பழக்கினான். அப்படி அடித்தால் யாருக்குத்தான் வலிக்காது. நிஜமாகவே வலி வந்தது. தைலம், கட்டு, மாத்திரை, ஊசி. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்துவிடுவேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த மாதங்கள் எனக்கு நிம்மதியாக இருந்தன. சின்ன வயதில் இருந்தது போல மறுபடி எல்லாவற்றுக்கும் அண்ணா என்று கூப்பிட்டான்.

கடைசியில் ஒரு சர்ஜன். நரம்புப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மட்டும் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பெரிதாக எதுவும் தெரியவில்லை, உங்கள் தம்பி பிடிவாதம் பிடிப்பதால்தான் மணிக்கட்டைத் திறந்து பார்க்கலாம் என்கிறேன் என்றார்.

"நீங்க கூடவே இருக்கிறவர். கையிலதான் பிரச்சினைன்னு உங்களுக்கு நிச்சயமா தோணுதா?"

அந்தக் கார்டுக் கீற்று அப்போது என் பர்ஸில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் மூன்று பேரும் அன்றே வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு ஒரே அலுப்பாக இருந்தது. விளக்கம் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் அவன் பெட்டி கட்டுவதையும் பார்க்க வேண்டும்.

"கைதான் டாக்டர்" என்றேன்.

உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீற்றை அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் காயம் சீழ் பிடித்தது, மறுபடி திறந்தார்கள். அதன்பின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. குச்சி பிடிக்க வேண்டிய விரல்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை, தன் தலையெழுத்து என்று விட்டுவிட்டான். உங்களிடம்கூட அப்படித்தான் சொல்லியிருப்பான்.

நீங்கள் அந்தத் தடத்தையும் இந்தக் கையையும் சேர்த்துப் பார்த்துவிட்டீர்கள். கெட்டிக்காரர். ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். அவனிடம் சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்கப் போவதில்லை, தடுக்கிற தெம்பும் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருஷமாகக் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான், நகம் வெட்டிவிடுவது நான், ஷூ லேஸ் கட்டிவிடுவது நான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் பாட்டுக்குக் கப்பலேறிப் போயிருந்து, நடுக்கடலில் இந்தக் கைக்கு ஏதாவது ஆகியிருந்தால், அங்கே அவனைப் பார்த்துக்கொள்ள யார் இருந்திருப்பார்கள்?