கஸ்டமர் சொன்னது

இல்லக்கா, நான் நின்னுக்கிறேன், நாற்காலியெல்லாம் எதுக்கு. சரி சரி, உக்காந்துட்டேன். இத எங்க வைக்கட்டும், அடுப்பு மேலயா? சூடா இருக்கு, அடியில துணி போட்டுக்கோங்க. பெருசா ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதான். கீழ கொத்துக்கறி, நடுவுல காளான் சூப்பு ஒரு டின், மேல உருளைக்கிழங்கு உருண்டை. சின்னவள இடுப்புல வச்சுக்கிட்டே பண்ணேன், அதான் ஒரு ஓரம் கருகிப்போச்சு.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

அய்யய்யோ. ஹார்லன் அண்ணனுக்கு உருளைக்கிழங்கு ஆகாதுல்ல. வாரம் மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்ல படுத்திருக்கிற மனுசனுக்குப் போய் உருளைக்கிழங்கு. ச்சே. உங்ககிட்ட வந்து பேசணும்னு நாலு நாளா கண்ணாடி முன்னாடி ஒத்திகை பாத்தேன், இத யோசிக்கல பாருங்க. நீங்க சாப்பிடுங்கக்கா. அவருக்கு அந்தக் கருகின ஓரத்த மட்டும் காட்டுங்க, ஆசையே போயிடும்.

சிரிக்கவே மாட்டேங்கிறீங்க. நியாயந்தான்.

இந்த வீட்ல யாரும் சாகல, புள்ள பொறக்கல, கூரை எரியல, அப்புறம் எதுக்கு இவ சட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்னு யோசிக்கிறீங்க. நாளைக்கு உங்க வண்டி விசாரணைல்ல, அதுக்குத்தான் வந்தேன். இல்லக்கா, ராய்ஸ் அனுப்பல. சத்தியமா அனுப்பல. எங்க சர்வீஸ் மேனேஜர் அனுப்பினா கையில சட்டியா குடுத்தனுப்புவாரு, பிக்கெரல் மோட்டார்ஸ்னு பேரு போட்ட காப்பி கப்பு ரெண்டு குடுத்தனுப்புவாரு. நான் இங்க வந்தது தெரிஞ்சுச்சுன்னா திங்கக்கிழமை என் மேசைல வேற ஒருத்தி உக்காந்திருப்பா.

வண்டி செஞ்ச கம்பெனிக்காரங்க உங்களுக்கு என்ன பதில் எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும். காகிதமெல்லாம் கட்டி அனுப்பினதே நான்தானே. புது வண்டி, ஒரே குறை, ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவ கொண்டாந்து காட்டியும் சரியாகலன்னா கம்பெனியே திருப்பி எடுத்துக்கணும். லெமன் சட்டம்னு நாம சொல்றது அவ்வளவுதான். ஆனா வண்டிய விடும்போது நான் எழுதிக் குடுத்த உங்க பேப்பர்ல மூணு தடவைக்கு மூணு வேற குறை இருக்கு. ஒரே குறைன்னு எப்படி எடுத்துக்க முடியும்னு கேட்டிருக்காங்க. அதானே எழுதியிருந்துச்சு? ம்.

அந்த அம்மா பொய் சொல்லுதுன்னு நேராச் சொல்லல. சொல்லாமச் சொல்லியிருக்காங்க.

அண்ணன் எங்க, தூங்குறாரா? இன்னைக்கு யாரு கூட்டிட்டுப் போனது? பக்கத்து வீட்டுக்காரர் பிக்கப்புலயா. அந்த உசரத்துல அவர ஏத்தி எறக்குறதுக்குள்ள... ஆமா, ஆமா. ஆஸ்பத்திரிக்கு அறுபத்தஞ்சு மைல். பெரிய ரோட்ல போகாம காட்டு வழியா போறீங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க வண்டிய எடுக்குற அன்னைக்கெல்லாம். நின்னுட்டா ஓரங்கட்ட எடம் வேணும்ல. அதுக்காக ஒன்றரை மணி நேரம் கூட. நாளைக்கு அந்த நடுவர் இல்லன்னு சொல்லிட்டா கடன் தீர்ற வரைக்கும், இன்னும் நாலு வருஷத்துக்கு இதே வண்டி, இதே காட்டு வழி. எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

மார்ச் மாசம் முத தடவ வந்தீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சிக்னல்ல வண்டி செத்துப்போச்சுன்னீங்க. அத ஒழுங்காதான் எழுதினேன். இஞ்சின் தானா நின்னுடுதுன்னு. எங்க மெக்கானிக் வெய்லன் வண்டிய எடுத்துட்டு எங்க கடையச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சான். அதுக்குள்ள அது எங்க நிக்கப் போகுது. குறை தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டான். அவன் நல்ல பையந்தான். தெரியாத குறைய தேடினா கம்பெனி அவனுக்குக் காசு தராது, அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவ ஜூன்ல. மழை பேஞ்சுச்சே அன்னைக்கு, தானியக் கிடங்கு வளைவுல நின்னு போச்சுன்னு நனைஞ்சுக்கிட்டே வந்தீங்க. பேட்டரி பாக்கணும்னு எழுதினேன்.

ஆமாக்கா. நீங்க பேட்டரின்னு ஒரு வார்த்தை சொல்லல. நான்தான்.

மூணாவது, ஆகஸ்ட்டுல. அத நான் சொல்லணுமா? தண்டவாளத்து மேல. அண்ணன் உள்ள இருந்தாரு, கதவத் திறந்து அவர இழுத்து எறக்கி, ரெண்டு பேரும் புல்லுல உக்காந்துட்டு, ரயில் வருதா வருதான்னு. அன்னைக்கு வரல. நீங்க என் மேசைக்கு முன்னாடி நின்னு அழுதீங்க. நான் பெட்டியிலேந்து டிஷ்யூ எடுத்து நீட்டுனேன், எழுந்து வந்து தோளத் தட்டினேன், காப்பி போட்டுக் குடுத்தேன். அப்புறம் போய் உக்காந்து, லேசா நடுக்கம் இருக்கறதா சொல்றாங்க, எண்ணெய் மாத்தணும்னு அடிச்சேன். வண்டியக் கழுவி, உள்ள தூசி எடுத்து இலவசமாக் குடுத்தோம். கண்ணாடில வாசனை அட்டை ஒண்ணு தொங்க விட்டது கூட நான்தான்.

அது இன்னும் தொங்குதா? வீசிட்டீங்களா. நல்லது.

நீங்க ஏன் படிக்கலன்னு உங்களையே திட்டிக்காதீங்க. லைப்ரரில வேல செய்ற லிண்டி சொன்னா, நீங்க அப்படித்தான் புலம்புறீங்களாம், படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு, என் தப்புன்னு. இல்லக்கா. இந்த ஊர்ல யாரு படிக்கிறா? நான் மஞ்சப் பேனாவால வட்டம் போட்டு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு காட்டுவேன், நீங்க என் புள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டே போடுவீங்க. தெரிஞ்ச பொண்ணு முன்னாடி உக்காந்து வரி வரியாப் படிச்சா, என்னை நம்ப மாட்டேங்கிறாங்களான்னு எனக்கு மூஞ்சி சுருங்கிடும்னு உங்களுக்குக் கூச்சம். வெளியூர்க்காரங்கதான் படிப்பாங்க. அவங்களுக்கு நாங்க ஒழுங்கா எழுதுவோம்.

அதச் சொல்லும்போதே எனக்கு எப்படியோ இருக்கு பாருங்க.

ராய்ஸ் அத ஒரு நாள் உக்கார வச்சுத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம். மிரட்டல, கத்தல. டோனட் பெட்டியத் தொறந்து என் பக்கம் தள்ளிட்டு, பொய் எழுதச் சொல்லல டானெட், வேற வார்த்தை எழுதுன்னுதான் சொல்றேன்னாரு. ஒரே வார்த்தை மூணு தடவ வந்தா வண்டி திரும்பிப் போகும், வண்டி திரும்பிப் போனா கம்பெனிக்காரன் நம்ம கடைய மொறைப்பான், வருஷத்துல ஒண்ணு ரெண்டுன்னா கண்டுக்க மாட்டான், அதுக்கு மேல போச்சுன்னா நல்லா விக்கிற மாடல எல்லாம் வேற ஊருக்கு அனுப்பிடுவான். அப்புறம் நம்ம எல்லாருக்கும் வேல ஏதுன்னாரு. எனக்கு சர்க்கரைத் தூள் தூவினது புடிக்கும். நான் தின்னுக்கிட்டே சரின்னு தலையாட்டினேன்.

சுலபமா வந்துச்சுக்கா, அதான் கொடுமை. நான் பள்ளிக்கூடத்துல கட்டுரை நல்லா எழுதுவேன். ஒரே விஷயத்த நாலு விதமா எழுதுன்னா எழுதிடுவேன். டீச்சர் கைதட்டச் சொல்லுவாங்க.

அதவிட ஒண்ணு. அது எனக்கு அப்போ தோணல, போன மாசந்தான் தோணுச்சு. ஒரு மாடல்ல குறை இருந்தா கம்பெனி நாடு முழுக்க எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணித் தரணும்ல, ரீகால்னு கடுதாசி வருமே. அந்தக் கடுதாசி எப்படி வரும்? ஒரே குறை, ஒரே குறைன்னு நூறு எடத்துலேந்து எழுதிப் போனாத்தான். நான் ஒரு எடத்துல பேட்டரிங்கிறேன், ஒரு எடத்துல எண்ணெய்ங்கிறேன். இன்னொரு ஊர்ல என்ன மாதிரி ஒருத்தி டயருங்கிறா. அங்க உக்காந்து எண்ணுறவன் எத எண்ணுவான்? ராய்ஸ் சொல்லுவாரு, உண்மையிலேயே குறைன்னா ரீகால் வந்துடும் டானெட், நாம எழுதி என்ன ஆகப் போகுதுன்னு. வராமப் பாத்துக்கிறதே நாமதான்.

காப்பி வேணாம்க்கா. எனக்கு நீங்க காப்பி போட்டுக் குடுக்கக் கூடாது இன்னைக்கு.

இன்னும் முடியல. நாளைக்கு ஒன்பது மணிக்கு லைப்ரரி பின்பக்க ரூமுக்கு கம்பெனி சார்பா ரெண்டு பேரு வர்றாங்க, அவங்களோட ராய்ஸ், ராய்ஸோட நான். என்னை சாட்சியாக் கூட்டிட்டுப் போறாங்க. உங்க முன்னாடி உக்காந்து, அந்த அம்மா என்ன சொன்னாங்களோ அதையே எழுதினேன்னு சொல்லணும். அவ்வளவுதான், ஒரு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராய்ஸ் என்ன நாலு தடவ சொல்ல வச்சுப் பாத்தாரு. நாலாவது தடவ ரொம்ப நல்லா வந்துச்சுன்னு பாராட்டினாரு.

இல்ல, சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் மாத்திப் பேச முடியாதுன்னுதான் இன்னைக்கே வந்தேன். என்னை எனக்குத் தெரியும்க்கா. மேசைக்கு அந்தப் பக்கம் யாரு அன்பாப் பேசினாலும் தலையாட்டிடுவேன். அங்க ராய்ஸ் தண்ணி கிளாஸ நகத்தி வச்சு, சொல்லும்மான்னா, வாய் தானா அந்த வரிய ஒப்பிச்சுடும். நீங்க இப்பவே என்ன நல்லாத் திட்டிடுங்க. அந்தச் சத்தம் காதுல இருந்தா போதும்.

திட்ட மாட்டேங்கிறீங்க.

வேல போகும். போகட்டும், என் புருஷன் டெரல் சம்பளம் வருது, கோழிப் பண்ணைல ஆள் எடுக்குறாங்க, ஏதோ பாத்துக்குவோம். வேலைக்காகப் பயந்துதான் அப்படி எழுதினேன்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு இருந்தேன்ல. டெரல்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவனும், புள்ளைங்கள வச்சுக்கிட்டு நீ என்னடி பண்ணுவன்னு முதுகத் தடவினான். அது முழுசும் உண்மை இல்ல.

இந்தக் கவரப் புடிங்க. உள்ள ஆறு பேப்பர் இருக்கு. மூணு உங்களுது, அது உங்ககிட்டயே இருக்கும், பக்கத்துல வச்சுப் பாக்கத் தோதா சேத்து வச்சேன். மிச்சம் மூணு என்னுது.

ஆமாக்கா. நானும் அதே மாடல்தான் வாங்கினேன், நீங்க வாங்கின அதே ஜனவரில, கடைல வேல செய்றவங்களுக்கு குறைச்சுத் தர்றாங்கன்னு. என்னுதும் நின்னுச்சு, ரெண்டு புள்ளைங்களும் பின் சீட்ல இருக்கும்போது. நானே எழுதி, நானே கீழ கையெழுத்தும் போட்டு, ஜூன்லேந்து மூணு தடவ வண்டிய உள்ள விட்டேன். மூணுலயும் ஒரே வார்த்தை, ஒரு எழுத்து மாறல. ராய்ஸ் பாத்துட்டு சிரிச்சாரு, நல்லாத்தான் கத்துக்கிட்ட, கம்பெனி கண்டுக்காத அந்த ஒண்ணு ரெண்டுல இந்த வருஷத்து ஒண்ண நீயே எடுத்துக்கோன்னாரு. செப்டம்பர்ல கம்பெனி வேற வண்டி குடுத்துடுச்சு. எனக்கு விசாரணையெல்லாம் இல்ல. யாரும் ஒரு கேள்வி கேக்கல. இப்ப உங்க வாசல்ல நிக்கிறது அந்தப் புது வண்டிதான்.

அத நாளைக்கு நடுவர்கிட்ட குடுங்க. அதே கடை, அதே மாடல், அதே கை. ஜூன் மாசத்துப் பேப்பர் ரெண்டையும் முதல்ல காட்டுங்க, தேதி பாருங்க, ரெண்டும் ஒரே நாள். உங்களுத காலைல பத்து மணிக்கு அடிச்சேன், பேட்டரின்னு. என்னுத மத்தியானம் சாண்ட்விச் தின்னுக்கிட்டே அடிச்சேன். கஸ்டமர் சொன்னதுன்னு போட்டிருக்குல்ல, அந்த எடத்துல. படிங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே மூச்சு நின்ன மாதிரி நின்னுடுது, ஸ்டியரிங் கல்லா இறுகிடுது, பின்னாடி வர்றவன் மூஞ்சி கண்ணாடில பெருசாகிட்டே வருது.

எனக்கு அவ்வளவு நல்லா எழுத வரலக்கா. அது அன்னைக்குக் காலைல என் மேசை முன்னாடி நனைஞ்சுக்கிட்டே நின்னு நீங்க சொன்னது.