தின்று காட்டிய தட்டு

மரவள்ளிக்கிழங்கு மாவுக்கு வாசனை கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாள் முழுக்க அதைக் கிண்டிவிட்டு வீட்டுக்குப் போனாலும் மனைவி முகம் சுளிக்க மாட்டாள். அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஸ்ரீ கெம்பாங்கான் கொட்டகையில் நானும் கார்த்திகேசு அண்ணனும் கூட்டு. மண்ணில் போட்டால் மக்கிப்போகும் பிளாஸ்டிக் தட்டை அந்த மாவில் செய்தோம். யோசனை அவருடையது, கிண்டுவது நான். ஆனால் 1994இல் பேப்பரில் வந்த படத்தில் அவர் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்படிப்பட்ட குணம் கிடையாது.

தட்டு வளைய வேண்டும் என்று மாவில் கிளிசரின் ஊற்றுவோம். அப்படியும் காய்ந்ததும் வெடித்தது. செராஸில் ஒரு கடைக்காரர் வேறொரு திரவம் கொடுத்தார். "சாப்பிடுற சாமான் பக்கத்துல கொண்டுபோகாதீங்க பாஸ், கிட்னி போயிரும்," என்று சொல்லித்தான் கொடுத்தார். ஊற்றிப் பார்த்தேன், தட்டு தோல் மாதிரி வளைந்தது. அண்ணனிடம் சொல்லியிருந்தால் டின்னைத் தூக்கி எறிந்திருப்பார். தொழில் கெட்டிருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். வாங்க வருகிறவர்கள் முன்னால் தட்டைப் பிட்டு வாயில் போட்டு மென்று, "வெறும் கிழங்குதான்லா, பயப்படாதீங்க," என்பார். புதுத் திரவம் ஊற்றிய தட்டையும் அப்படியே மென்றார். "கன்னையா, இந்தத் தடவை லேசா இனிக்குதே, பிரமாதம்," என்று என் தோளில் கை போட்டார். நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் எப்படித் தடுப்பது? அதற்குப் பிறகு வாங்குகிற ஆட்களை நானே அடிக்கடி அழைத்து வந்தேன். வியாபாரம் என்றால் அலையத்தானே வேண்டும்.

அவருக்கு வாந்தி வந்தது, மூத்திரம் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்கிள், இவர் வித்தியாசமா ஏதாவது சாப்பிட்டாரா? தெரிஞ்சா காப்பாத்தப் பார்க்கலாம்."

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்," என்றேன். தட்டைப் போய் யாராவது சாப்பாடு என்பார்களா? அண்ணன் போனபோது எனக்கு அழுகை வந்தது, ஐயா. உண்மையாகவே வந்தது.

அவர் போன முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு. அவர் மனைவி சிவமலர் அண்ணி, "தம்பி, அவர் செஞ்ச தட்டுலயே எல்லாருக்கும் சோறு போடுவோம்," என்றார். கொட்டகையில் இருந்த அத்தனையையும் லோரியில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அனுப்பினேன். சூடான சாம்பாரில் தட்டு இளகியது. பிள்ளைகள் சோற்றோடு சேர்த்து விரலால் வழித்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் சிலர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. யாருக்கும் கெடுதல் வரும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு மட்டும் ஒரு வாழையிலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.