மூன்று இழுப்பு

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மஃரிபு பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதி... கடைசி உப்பு வயலும் பின்னால் போய்விட்டது. ஒரு பஸ் போனால் அடுத்தது வரும்வரை அந்த வீதியில் நாய்கூட நிற்காது. மஸாஹிர் மோட்டார்சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தான். பின் சீட்டில் ஒரு பயணப் பை மட்டும் கட்டியிருந்தது.

அப்போதுதான் இடுப்பில் இழுபட்டது.

சட்டை எதிலாவது மாட்டிக்கொண்டதாக்கும் என்று நிறுத்திப் பார்த்தான். ஒன்றுமில்லை. பை கட்டினபடி இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தான். நூறு யார் போயிருப்பான்... மறுபடி இழுபட்டது. இந்த முறை எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று. பிறகு நின்றுவிட்டது.

சுண்ணாம்புத் தூள் மணத்தது. இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கில் ஏறுமே, அந்த மணம். சீமெந்து ஆலை மணமாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ஆலையைத் தாண்டி ஏழெட்டு மைல் வந்தாயிற்று.

கைகளை நிறுத்தாமல் கேளுங்கள். கரண்ட் எப்போது வருமோ தெரியாது, லொறியும் வந்து சேரவில்லை. விடிவதற்குள் இந்தத் தார்ப்பாய் எல்லாவற்றையும் மடித்துக் கட்டியாக வேண்டும். பயந்தவர்கள் நடுவில் வந்து உட்காருங்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பாவம், அவர் தலையெழுத்து.

இது நம் நிஸாரின் மச்சானுக்கு நடந்தது. நிஸாரின் தங்கச்சி மர்ளியாவைக் கட்டியவன்தான் இந்த மஸாஹிர். கற்பிட்டியில் சங்கு குளிக்கிறவன். மெலிந்த உடம்பு, நீளமான கை, அதிகம் கதைக்க மாட்டான். இந்தத் தார்ப்பாய் போகப்போகிற இதே நாட்டில், போன முறை நிலம் குலுங்கியபோது, இங்கிருந்து கூடாரமும் மருந்தும் கொண்டு எட்டுப் பேர் போனார்களே... அதில் அவனும் ஒருவன். கூடாரம் அடிக்கவும் தண்ணீர் தாங்கி ஏற்றவும்தான் அவனைக் கூட்டிப் போனார்கள்.

கடலே இல்லாத நாடு அது. மூன்று கிழமைக்குள் நான்கு தரம் குலுங்கியது. முதல் தரம் வீடுகள் விழுந்தன. இரண்டாம் தரம், விழாமல் நின்றவை விழுந்தன. மூன்றாம் தரம், பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள் மேல் விழுந்தன. இவர்கள் போய் இறங்கியது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில்.

ஒரு மாடிக்கட்டடம் சப்பளிந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு பொந்து. ஆள் நுழைய முடியாது, ஒரு போத்தல் மட்டும்தான் இறங்கும். அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஆணா பெண்ணா, கிழமா சின்னதா... யாருக்கும் தெரியாது. சத்தம் மட்டும்தான்.

இருட்டும் கயிறும் பழகினவன் என்று மஸாஹிரை அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கயிற்றில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டி இறக்கினான். கீழே ஒரு கை பிடித்தது. பாஷை தெரியாத ஆளுக்குக் கயிற்றாலேயே பாடம் சொல்லிக் கொடுத்தான். ஒரு இழுப்பு என்றால் கிடைத்தது. மூன்று இழுப்பு என்றால் மேலே இழு. நம் கடலில் சங்கு குளிக்கிறவர்களின் கணக்கு அது. கீழே இருந்த ஆள் ஒரே நாளில் படித்துக்கொண்டது. இரண்டு நாள், இரவும் பகலும், தண்ணீர் இறங்கியது, வெறும் போத்தல் ஏறியது.

இங்கேதான் மஸாஹிர் ஒரு பிழை விட்டான். கயிற்றின் மேல் நுனியை இரும்புத் தூணில் கட்டச் சொல்லி அங்கிருந்த பெரியவர் சைகையில் காட்டினார். இவன் கட்டவில்லை. நம் ஆட்கள் செய்கிறதைச் செய்தான். சங்குப் படகில் கயிற்றைப் பலகையில் கட்ட மாட்டார்கள், பலகைக்கு இழுப்புத் தெரியாது. கயிறு பிடிக்கிறவன் நுனியைத் தன் இடுப்பில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வான். கீழே ஆள் இருக்கும்வரை அவிழ்க்க மாட்டான். கை மாற வேண்டுமென்றால் அடுத்தவன் கட்டிக்கொண்ட பிறகுதான் இவன் அவிழ்ப்பான். மஸாஹிரும் இடுப்பில்தான் கட்டினான்.

நான்காவது குலுக்கம் வந்தது பகலில்.

எல்லோரும் ஓடினார்கள். காலுக்குக் கீழே நிலம் ஓடியது. கட்டடம் மறுபடி முனகத் தொடங்கியது... அந்த நேரத்தில் இடுப்பில் இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே இழு.

மஸாஹிர் முடிச்சை அவிழ்த்தான்.

அவிழ்க்காவிட்டால் அவனும் இல்லை. அதை யாரும் குற்றம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன், உங்களில் யாராவது சொன்னால் வெளியே போய் நின்று சொல்லுங்கள். ஆனால் அவிழ்த்த கயிறு தரையில் கிடக்கவில்லை. யாரோ கீழே சுருட்டுகிற மாதிரி சரசரவென்று பொந்துக்குள் போனது. அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவன் ஓடினான்.

ஊருக்கு வந்த அன்று, அந்த வீதியில் தொடங்கியதுதான் இந்த இழுப்பு. பிறகு தினமும். சாப்பிடும்போது. தொழுகையில் ருகூஉவில் குனியும்போது. எப்போதும் மூன்று, எப்போதும் அந்தச் சுண்ணாம்பு மணம். மர்ளியா அவன் இடுப்பைப் பார்த்தாள். சுற்றிவரச் சிவந்த தடம், கயிறு அறுத்த மாதிரி. பள்ளிவாசல் ஹஸ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். குடித்தான். அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் போகும்போதே இழுபட்டது.

நிஸாரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான்.

"கவனிக்காத மச்சான்," என்றான் நிஸார். "நீ கவனிச்சா அது கூடும். இல்லாத மாதிரி இரி."

"அது இல்லாத மாதிரி இல்லயே," என்றான் மஸாஹிர். "அது என்னத் தேடல்ல மச்சான். மேல வரத்தான் பாக்கிது."

அவன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். பயம் தண்ணீருக்கு இல்லை. அவனுடைய தம்பி ரிஃபாஸும் சங்கு குளிக்கிறவன்தான், அவனுக்குக் கயிறு பிடிப்பது மஸாஹிர்தான். இப்போது இடுப்பில் இழுபட்டால் தம்பியா, மற்றதா என்று எப்படித் தெரியும்? தம்பி கூப்பிடும்போது மற்றதென்று நினைத்து இருந்துவிட்டால்? அதை நினைத்தே அவனுக்கு நித்திரை இல்லை.

ஆனால் ரிஃபாஸ் கேட்கவில்லை. கடல் அமர்ந்து கிடக்கிற மாதம் அது, அதை விட்டால் பிறகு காற்று வந்துவிடும். மூன்றாம் நாளும் வாசலில் வந்து நின்றான்.

"நானா, வேற ஆளுட கையில என்ட உசிர குடுக்க ஏலாது. நீங்க பிடிக்கிறெண்டா இறங்குறன். இல்லாட்டி வீட்ட இரிக்கிறன்."

இப்படிச் சொன்னால் கூடப்பிறந்த எந்த நானாதான் மாட்டேன் என்பான்? போனார்கள். படகில் மூன்று பேர். எஞ்சினில் நிஸார். கயிற்றில் மஸாஹிர். சிலிண்டரோடு ரிஃபாஸ்.

காலை பத்து மணி. வெயில் பளீரென்று அடித்தது. பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரிஃபாஸ் இறங்கினான். ஒரு இழுப்பு. கீழே சேர்ந்துவிட்டான். கையிலிருந்த கயிறு சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஆள் கீழே நடமாடினால் கயிறு அப்படித்தான் துடிக்கும். மஸாஹிருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு இடுப்பில் இழுபட்டது. மூன்று.

கையைப் பார்த்தான். கையிலிருந்த கயிறு ஆடவில்லை. இடுப்பில் மட்டும்தான் இழுப்பு. அப்படியானால் இது தம்பி இல்லை... மற்றது.

"வந்துட்டா?" என்றான் நிஸார்.

"ஓம்."

"கவனிக்காத."

மஸாஹிர் கவனிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மறுபடி மூன்று. முன்னைவிட உரமாக. சுண்ணாம்பு மணம் வந்தது... நடுக்கடலில். நிஸாருக்கும் மணத்தது. அதுவரை மச்சானுக்கு மூளை பிசகிவிட்டதென்றுதான் அவன் உள்ளுக்குள் நினைத்திருந்தான். அன்றைக்குத்தான் நம்பினான்.

மறுபடி மூன்று.

கையிலிருந்த கயிறு இன்னும் ஆடவில்லை. மஸாஹிர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம்கூட ஆடவில்லை. துடிப்பும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. உயிரோடு நடமாடுகிற ஆளின் கயிறு இப்படி நிற்காது. தம்பி கீழே அசையாமல் கிடக்கிறான்.

"இழு நிஸார்," என்றான். "கூப்பிடுறது தம்பி இல்ல. தம்பி அசையிறானில்ல. இழு."

இருவரும் இழுத்தார்கள். ரிஃபாஸ் மெலிந்தவன், தண்ணீருக்குள் ஒரு கையால் தூக்கலாம். அன்று இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்தும் கயிறு அங்குலம் அங்குலமாகத்தான் வந்தது. இரண்டு ஆளின் பாரம். மூன்றாகக்கூட இருக்கலாம் என்று நிஸார் சொல்வான், அவனுக்கு எதையும் கூட்டிச் சொல்லிப் பழக்கம். இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். மஸாஹிரின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது.

"நான் விட மாட்டன்," என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். "இந்த முற விட மாட்டன்."

யாரிடம் சொன்னான் என்று நிஸார் கேட்கவில்லை.

ரிஃபாஸ் மேலே வந்தான். வாயில் குழாய் இல்லை. உதடு நீலம். கண் திறந்திருந்தது. படகில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தார்கள். அடித்தார்கள்... அடித்தார்கள். மஸாஹிர் அழுதான். கடைசியில் தண்ணீர் வந்தது, பிறகு மூச்சு வந்தது. பதினெட்டு நிமிடம் அசையாமல் கிடந்த ஆள் எப்படி மூச்சு விட்டான் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அல்லாஹ்வின் காவல் என்றார்கள் இவர்கள். வேறென்ன சொல்வது?

ரிஃபாஸின் நகக் கண்களில் சாம்பல் நிறத் தூள் இருந்ததை நிஸார் யாருக்கும் காட்டவில்லை. வரும் வழியிலேயே கடல் தண்ணீரில் கழுவிவிட்டான்.

அன்றோடு மஸாஹிரின் இடுப்பில் இழுப்பு நின்றது. தடம் ஆறியது. மர்ளியா ஏழு வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். மஸாஹிர் அந்தச் சோற்றைத் தொடவில்லை. மேலே வரவேண்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்த ஒன்று, வந்து சேர்ந்தால்தானே இழுப்பதை நிறுத்தும்?

ஐந்தாம் நாள் ரிஃபாஸின் பெண்சாதி றிஸ்மியா வந்தாள். முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நானா, அவர் ஊட்டுக்குள்ள படுக்கிறாரில்ல. ஆஸ்பத்திரியால வந்த நாள்லேந்து முத்தத்திலதான் பாய் போடுறாரு. ராத்திரி மழ பேஞ்சிச்சி. நனஞ்சிகொண்டே இரிந்தாரு. உள்ளுக்கு வாங்க எண்டா, நீ புள்ளைகள கூட்டிக்கொண்டு வெளிய வா எண்டுறாரு."

மஸாஹிர் இதை முன்பே கண்டிருந்தான். அந்த நாட்டில் அப்படித்தான் படுத்தார்கள். வீடு நின்றவர்களும் வீட்டுக்குள் போகவில்லை. பனியில், வெட்டவெளியில், கூரை இல்லாத இடமாகப் பார்த்துப் படுத்தார்கள். இந்த ரிஃபாஸ் அந்த நாட்டைக் கண்டதில்லை. அவனுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை.

அன்று இரவு மஸாஹிர் தம்பி வீட்டுக்குப் போனான். றிஸ்மியா கதவுக்குள் நின்றாள். முற்றத்து மணலில் ரிஃபாஸ் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. வலது உள்ளங்கை பாய்க்கு வெளியே, தரையில், அழுத்தி வைத்தபடி இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பது போல. அதுவும் அங்கே பார்த்ததுதான். அடுத்த குலுக்கம் கைக்குத் தெரியட்டும் என்று, நித்திரையிலும் நிலத்தை விட்டுக் கையை எடுக்காத சனங்கள்.

மஸாஹிர் பக்கத்தில் குந்தினான்.

"ரிஃபாஸ்."

"ம்."

"நீ ரிஃபாஸ்தானே?"

தம்பியின் குரலிலேயே, மெதுவாக வந்தது.

"இன்னும் ஒண்டு வரும், நானா."

"இங்கயா?"

கை தரையிலிருந்து அசையவில்லை. தெருவில் எங்கோ ஒரு லொறி போனது. ரிஃபாஸின் விரல்கள் மணலுக்குள் கொஞ்சம் புதைந்தன... லொறிச் சத்தம் தேய்ந்து போனது. விரல்கள் இளகின.

மஸாஹிர் எழுந்தான். நேராகத் தன் வீட்டுக்குப் போனான். நித்திரையில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். என்ன, ஏன் என்று கேட்டுக்கொண்டே மர்ளியா பின்னால் வந்தாள். அவன் முற்றத்தில் பாயை விரித்தான்.

போன வெள்ளிக்கிழமை, இந்தத் தார்ப்பாய்களுக்கு ஆள் சேர்க்க மஸாஹிரின் வீடிருக்கும் ஒழுங்கைக்கு நான் போயிருந்தேன். இஷாத் தொழுகை முடிந்திருந்தது. பதினொரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தது. உள்ளே கட்டில், மின்விசிறி, எல்லாம் இருக்க... பிள்ளைகளோடு வெளியே படுத்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏனென்று கேட்கவில்லை. கடைசி வீட்டு முற்றத்தில் நம் நிஸார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நித்திரையோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. உள்ளங்கை தரையில் இருந்தது.