கைப்பிடியில் விரிசல்

– அழுத்திப் புடிடா ராமதாசு. நீ லூசா புடிச்சா நான் எத்தினி சுத்து சுத்துனாலும் கட்டு நிக்காது.

– புடிச்சிக்கினுதான்பா இருக்கேன். நாளைக்குக் காலையில ஹாக்கி மேட்சு. அதுக்குள்ள காயுமா?

– வச்சிரப் பசை நல்லா காய்ஞ்சி எறங்குனா புடிச்சிக்கும். ஜெயம், அந்த டப்பாவ அடுப்புலேர்ந்து எறக்கிக் கொண்டா.

– தோ, கொண்டாறேன். வூடே நாறுது. அரிசி இல்லாத அடுப்பு, மட்டைக்குப் பூசுற பசையாவது வேவட்டும்னு வச்சேன்.

– ஸ்ட்ரைக்கு முடிஞ்சா எல்லாம் சரியாப்பூடும் ஜெயம்.

– முடியும், முடியும். பொங்கலுக்கு முன்னாடி மில்லு கேட்டாண்ட போயி குந்துனீங்க, சித்திரையே பொறந்துடுச்சு. புள்ளையாவது பொழச்சிக்கட்டும். மில்லுக்கு லாரி வுடுற கிருஷ்ணசாமி, அதான் இவனுங்க கிளப்ப நடத்துறாரே, மில்லு ஆபீசுலயே வேலை வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு.

– ஹாக்கி ஆடுறதுக்கா?

– நல்லா ஆடுனா தருவாரு. அப்படித்தானடா?

– ஆமாம்மா.

– இது எப்படிடா பொளந்துச்சு?

– பந்து பட்டுச்சுபா.

– பந்து பட்டா கீழ வளைவுல இல்ல பொளக்கும். இது கைப்பிடியில விட்டிருக்கு.

– ஒருத்தன் மேல வுழுந்துட்டான். அதுல போயிருக்கும்.

– மரம் ஊறிப்போயிருக்கே. மட்டைய எதுக்குக் கழுவுன?

– சேறுபா.

– சித்திரை வெயில்ல கெணத்துலயே தண்ணி இல்ல. கிரவுண்டுல ஏதுடா சேறு?

– என்னாங்க, புள்ளையப் போலீசுக்காரன் மாதிரி நோண்டுறீங்க? கட்டிக் குடுத்தமா போனமான்னு இருங்க.

– பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் ஜெயம். பக்கிரியப் பாக்க.

– அண்ணன் எப்படி இருக்காரு?

– வலது கண்ணு போயிடுச்சு. இன்னொரு கண்ணு கட்டு அவுத்தாதான் தெரியும்ங்குறாங்க. அவன் பொண்டாட்டி ரஞ்சிதம் கையப் புடிச்சிக்கினு, இட்லிய எங்க வைக்கணும்னு வாயத் தொட்டுக் காட்டிக்கினு இருக்கா.

– பாவிங்க. கேட்டாண்ட சும்மா குந்தியிருந்த மனுசன. அவனுங்களப் பெத்தவ வவுத்துல பெரண்டையதான் கட்டிக்கணும்.

– அப்படிச் சொல்லாத ஜெயம்.

– ஏன் சொல்லக்கூடாது? இவனுக்கு நீச்சல் கத்துக் குடுத்தவரே அவருதான். தோள்ல தூக்கிக்கினு வீராம்பட்டினம் தேரு காட்டுனாரு.

– அம்மா, வுடும்மா.

– உனக்கு ஏண்டா இப்படி வேர்க்குது?

– அடுப்புச் சூடு.

– துண்டால மூஞ்சிய மூடிக்கினு லாரியிலேர்ந்து குதிச்சானுங்க ஜெயம். நான் எதிர்ல டீ குடிச்சிக்கினு இருந்தேன். ஓடியாறதுக்குள்ள லாரி கெளம்பிடுச்சு. பக்கிரி கெடந்த எடத்துல செவப்பு நூலு ஒரு மொழம் கெடந்துச்சு.

– நூலா?

– நம்ம மில்லு நூலு. பக்கிரியோட அரைஞாண் கயிறு அந்து வுழுந்துடுச்சின்னு கூட இருந்தவங்க பேசிக்கினாங்க. மில்லுல பாதி ஆளுங்க இடுப்புல அதானே கட்டியிருக்கான். நான் அது மேல கால வச்சி மறைச்சிக்கினேன். கூட்டம் கலைஞ்சதும் எடுத்து மடியில சொருவிக்கினேன்.

– எதுக்குங்க?

– வலது கை வெரலு ரெண்டையும் தறி சாப்ட்டப்பறம் நான் இடது கையிலதான முறுக்குறேன். அல்லாரும் முறுக்குறது ஒரு பக்கம்னா என் முறுக்கு எதிர்ப்பக்கம் போவும். அந்த நூலுல என் முறுக்குதான் இருந்துச்சு.

– எனக்கு ஒண்ணும் வெளங்கல.

– போன வருசம் இந்த மட்டைக்குக் கைப்பிடி கட்டுனது நான்தான். அதே செவப்பு நூலு. தோ பாரு, மேல ஒரு மொழம் காணோம்.

– ராமதாசு. டேய். அப்பா என்னாடா சொல்றாரு?

– மெரட்டிட்டு வரச் சொன்னாருமா. அடிக்கச் சொல்லல. கேட்ட வுட்டு எழுந்து ஓடிடுவாங்க, அத்தோட வேலை முடிஞ்சிதுன்னுதான் கிருஷ்ணசாமி சொன்னாரு. மாமா எழுந்து என் துண்டப் புடிச்சி இழுத்துட்டாரு.

– மூஞ்சியப் பாத்துட்டாரா?

– பாத்துட்டாரு. ‘ராமதாசு, நீயா’ன்னு கேட்டாரு. அதுக்கப்பறம்தான் அடிச்சேன்.

– ஐயோ, நான் யாரு வவுத்தச் சொன்னேன்.

– ஆஸ்பத்திரியில போலீசு கேட்டுச்சு. நானும் கேட்டேன். எவனையும் அடையாளம் தெரியலன்னுதான் பக்கிரி சொன்னான். என் மூஞ்சி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னான்.

– சொல்லலியா? மாமா என் பேரச் சொல்லலியா?

– சொல்லல. நாளைக்கு மேட்சு எந்தக் கிரவுண்டுலடா?

– அப்பா.

– எங்க மேட்சு?

– மேட்சு இல்லபா. திருப்பியும் கேட்டாண்டதான். வரலன்னா, மாமாவ அடிச்சது நான்தான்னு கிருஷ்ணசாமி போலீசுல புடிச்சிக் குடுத்துடுவாராம். நான் மாட்டிக்கினேன்பா.

– போவாதடா. கடலூர்ல என் கூடப் பொறந்த அண்ணன் வூடு இருக்கு, இப்பவே பஸ் ஏறு.

– ஓடுனா நான்தான்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா.

– தெரியட்டும். நீங்க என்னாங்க, கேட்டுக்கினே இன்னும் நூலச் சுத்திக்கினு இருக்கீங்க? புடுங்கி அடுப்புல போடுங்க அத்த.

– இத்தப் போட்டா அந்தக் கிருஷ்ணசாமி வேற ஒண்ணு வாங்கிக் குடுப்பான். மட்டைக்கா பஞ்சம்?

– அப்பா, நான் என்னா பண்ணட்டும், சொல்லுபா. நீ சொல்றத கேக்குறேன்.

– வெரல எடு, முடிச்சு போடணும். இந்தா, ஆச்சு. நாளைக்குப் பக்கிரி எடத்துல நான் குந்துறேன்னு சங்கத்துல சொல்லிட்டுதான் வந்தேன்.