நீதிபதி வைதேகிக்கு நான் எழுதிக் கொடுத்த தீர்ப்பு

எங்கள் வீட்டில் மாலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் யாரும் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்காது. அந்த அரைமணி நேரம் என் மனைவி சுபோதினி நீதிமன்றத்தில் இருப்பாள். வெள்ளவத்தையில் எங்கள் ஹோலில், சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், நாற்பத்திரண்டு அங்குலத் திரையில் கூடுகிற நீதிமன்றம் அது. குடும்ப நீதிபதி வைதேகி அம்மையார் அங்கே ஊராரின் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வார். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் கணவருக்கும் மகளுக்கும் தீர்ப்புச் சொல்வார். தொடரின் பெயர் ‘வீடும் வழக்கும்’.

அம்மையாருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் சிங்கள நடிகை. அவர் சிங்களத்தில் பேசியதற்குத் தமிழ் வசனம் எழுதியவன் நான்: நவரத்தினம், வயது அறுபத்தொன்று, பம்பலப்பிட்டி மண்டபம் ஒன்றில் ‘மும்மொழிச் சுடர்’ என்று பொன்னாடை போர்த்தப்பட்டவன். பொன்னாடை வீட்டில் இருக்கிறது. சனலின் விசாரணைக் குழுவாகிய நீங்கள் விரும்பினால் கொண்டுவந்து காட்டலாம்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டாம் பாகத்தில், நீதிபதியின் கர்ப்பிணி மகளுடைய வயிற்றில் காதை வைத்துச் சிரிக்கிற இளைஞனை ஏன் ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ ஆக்கினேன் என்று கேட்கிறீர்கள். நானூறு தொலைபேசி அழைப்புகள் வந்தனவாம். வத்தளையிலிருந்து ஒரு தாய், இனித் தன் பிள்ளைகளைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவதா விடுவதா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆனால் விடை இருநூற்றுப் பன்னிரண்டில் இல்லை, நாற்பத்தேழில் இருக்கிறது.

முதலில் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஐந்து பாகங்களின் வீடியோ வரும். மகள் யதுஷா கொஞ்சம் உதவி செய்வாள். காப்புறுதிக் கம்பனியில் வேலை. கூட இருப்பவர்கள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். ஆகவே காது வேகம். சனிக்கிழமை காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொல்வதையெல்லாம் தமிழில் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவிடுவாள். பிறகு நான் மெருகு போடுவேன். அவள் ‘வாங்கோ’ என்று எழுதியிருந்தால் நான் ‘வருக’ என்று திருத்துவேன். இப்படியான நுட்பமான வேலைகள்.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், ஒலிப்பதிவு. அம்மையாருக்குக் குரல் கொடுப்பவள் டெனிஷா. ஒலிப்பதிவாளர் ஸ்ரனிஸ்லாஸ் பென்சிலை மேசையில் தட்டித் தட்டி உதடுகளை எண்ணுவார்.

“அண்ணை, வாய் எட்டுத் தரம் திறக்குது. நீங்கள் நாலுக்குத்தான் எழுதியிருக்கிறீங்கள்.”

“முன்னுக்கு ஒரு ‘பிள்ளை’ போடு.”

“இன்னும் பத்தாது.”

“அப்ப பின்னுக்கும் ஒண்டு போடு.”

சிங்களத் தயாரிப்பாளர் கடைசியில் வந்து பார்ப்பார். உதடும் சத்தமும் சேர்ந்து நின்றால் கையெழுத்து வைப்பார். என்ன சத்தம் என்பது அவருக்குத் தெரியாது. அம்மையார் முதுகு காட்டி நின்றால் உதடும் இல்லை. நீதிபதி முதுகு காட்டிய இடமெல்லாம் எனக்குச் சுதந்திர நாடு.

முதல் தவறை மிகச் சிறிதாகத்தான் செய்தேன். ஞாயிறு காலையில் என்னைச் சந்தைக்கு அனுப்புவது சுபோதினியின் வழக்கம். ஒரு நாள் அம்மையார் சன்னலைப் பார்த்து நின்றபோது, “ஓய்வு பெற்ற கணவரை மரக்கறிப் பையோடு வீதியில் விடுவதும் ஒருவகைக் கொடுமைதான்” என்று சொல்ல வைத்தேன். அந்த ஞாயிறு மனைவி பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் இருங்கோ. நான் போட்டு வாறன்.”

“ஏன் சுபோ?”

“பிறகு அது வழக்காப் போயிடும்.”

வசனம் எழுதுவது நான்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முப்பத்துநான்கு வருடங்களாக நான் வாயால் சொன்ன ஒன்றையும் அவள் கேட்டதில்லை. ஒரு நாள் மெதுவாக நினைவுபடுத்தியும் பார்த்தேன். “நீங்களோ? அவ சொல்லுறதை நீங்கள் தமிழில எழுதுறீங்கள், அவ்வளவுதான்” என்றாள். கறுப்பு அங்கிக்கு அவ்வளவு மரியாதை. அங்கி தைத்தவனுக்கு மரியாதை கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இப்போது அபிஷன். அபிஷன் நல்ல பெடியன். இது பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன். மெல்பேர்னில் எஞ்சினியர். என் மகளும் அவரும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒன்பது வருடம் ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தவர்கள். அவருடைய தாய் சிவக்கொழுந்து எங்களிலிருந்து மூன்றாம் ஒழுங்கையில் இருக்கிறா. அவவும் ஏழரைக்கு நீதிமன்றம் போகிறவ. விளம்பரம் வரும் நேரத்தில் சுபோதினியும் அவவும் போனில் தீர்ப்பை ஆராய்வார்கள்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து, பதிவாளர் முன் கையெழுத்து வைத்துவிட்டுப் பறப்பார். அந்தப் பதிவுத் துண்டைக் காட்டி விசா போடுவார்கள். விசா வந்த பிறகு, நல்ல மாதம் பார்த்து, மறுபடி வந்து தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போவார். இடையில் பெண் சட்டத்துக்கு மனைவி, ஊருக்குக் குமர். அபிஷனுக்கு மார்கழியில்தான் லீவு கிடைத்தது. மார்கழியில் தாலி கட்ட மாட்டோம். பதிவு வெறும் கடதாசி, அதற்கு மாதம் இல்லை. எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது.

நான் யோசித்தேன். ஒரே பிள்ளை. மெல்பேர்னில் குளிர். சின்ன வயதில் அவளுக்குத் தொய்வு இருந்தது, இரவில் மூச்சு இழுக்கும். எட்டு வயதோடு சுகமாகிவிட்டது, ஆனால் இருந்தது. தொடரில் இன்னும் இருநூறு பாகங்கள் எழுதக் கிடந்தன என்பதும் உண்மை. அதை நான் ஒரு காரணமாக எடுக்கவில்லை.

நாற்பத்தேழாம் பாகத்தில், பிள்ளைச் செலவு கட்டாத ஒருவனை அம்மையார் சிங்களத்தில் ஏசுகிறார். தமிழில் அவர் சொன்னது இது: “தாலி ஏறாமல் பதிவில் கையெழுத்து வைத்த பெண்ணுக்கு, நாளைக்கு மாப்பிள்ளை மனம் மாறினால், விவாகரத்து எடுக்காமல் வேறு வாழ்வில்லை. பெற்ற தாய்மார் கவனிக்க.” சட்டப்படி இதில் பிழை இல்லை. இது என் மனைவிக்காக, திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை, நாற்பத்தெட்டில், அம்மையார் முகத்தைத் திருப்பி எதையோ கத்துகிறார். தமிழில்: “பதிவைத் தள்ளிவைத்து முதலில் தாலி கேட்கிற பெண் வீட்டில் ஏதோ ஒளிப்பு இருக்கிறது. என் இருபது வருட அனுபவம்.” இது சம்பந்தியம்மாவுக்காக.

இரண்டையும் மூன்று கிழமைக்கு முன்பே ஒலிப்பதிவு செய்தாயிற்று. ஆகவே ஆத்திரத்தில் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“சிவக்கொழுந்தக்கா, நான் நேற்றைக்கே சொல்ல நினைச்சனான். தாலி முதல்ல ஏறட்டும். பிறகு கையெழுத்து.”

“மார்கழியில தாலியோ சுபோ? உமக்கென்ன விசரோ?”

“அப்ப தை பிறக்குமட்டும் தம்பி நிக்கட்டும்.”

“லீவு ஆர் குடுக்கிறது, உங்கட மனுசனோ? இவ்வளவு நாளும் இல்லாத தாலி இண்டைக்கு என்னத்துக்கு?”

“எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை, அக்கா.”

“ஒளிக்க ஒண்டும் இல்லாதவை கையெழுத்துக்குப் பயப்பிடாயினம்.”

“ஆர் ஒளிக்கிறது? என்னத்தை ஒளிக்கிறது?”

“அது உங்களுக்குத்தான் தெரியும்.”

போன் வைக்கப்பட்டது. எந்தப் பக்கம் முதலில் வைத்தது என்பதில் இன்றுவரை இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு.

கொழும்பு–காலி வீதி நெரிசலில் சிக்கி யதுஷா எட்டரைக்குத்தான் வந்தாள். அவள் தொடரைப் பார்ப்பதில்லை. தானே எழுதிக் கொடுத்த கதையை யார் குந்தியிருந்து பார்ப்பார்கள்? தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அப்பா, நான் எழுதினதில அப்பிடி ஒண்டும் இல்லையே. அந்த இடத்தில அவ ஃபேன் ஓடேல்லை எண்டெல்லோ கத்துறா.”

“அது சனலின்ர லோயர் சேர்த்தது, பிள்ளை.”

“லோயருக்கு என்ர கலியாணத்தில என்ன?”

“பொதுவாச் சொன்னது.”

“அம்மாவுக்குச் சொல்லுங்கோ அப்பா, அது வெறும் நாடகம் எண்டு.”

சொன்னேன். அவள் முன்னாலேயே மனைவியிடம் சொன்னேன். நாடகம் பார்க்கிறவர்களிடம் அது நாடகம் என்று சொன்னால் கோபம்தான் வரும் என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். கோபம் வந்தது.

அபிஷன் வந்தார். பதிவாளரிடம் குறித்திருந்த நாள் போனது. ஒருவருக்கும் சொல்லாமல் போய்க் கையெழுத்து வைத்துவிடலாமா என்று யதுஷா என்னிடம் கேட்டாள். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம்தான் கேட்டாள். ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன பெருமை? “தை பிறக்கட்டும் பிள்ளை, அம்மா தானா இறங்குவா” என்றேன். அபிஷன் பத்தாம் நாள் பறந்தார். மகள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஐந்து பாகங்களையும் எழுதித் தந்தாள்.

தை பிறந்தபோது இடி சிங்களக் கதையிலிருந்து விழுந்தது. அம்மையார் தன் சொந்த மகளையே ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பதிவு செய்து, சிரித்துக்கொண்டு விமானம் ஏற்றுகிறார். அது அப்படியே போனால் இரண்டு தாய்மாரும் மறுநாளே சமாதானமாகிவிடுவார்கள். வேறு வழியில்லை, மாப்பிள்ளையை ஒன்றுவிட்ட அண்ணன் ஆக்கினேன். பதிவாளரின் மேசையை இரத்ததான முகாம் ஆக்கினேன். இரத்தம் கொடுக்கக் கையெழுத்து வைக்கிறவர்கள் அவ்வளவு வெட்கப்பட்டுச் சிரித்ததைத் தமிழ் நேயர்கள் அன்றுதான் பார்த்திருப்பார்கள். விமானப் பயணம், மேற்படிப்பு, துணைக்கு அண்ணன்.

விமான நிலையத்தில் தாய் மகளைக் கட்டிப் பிடிக்கும் கட்டம் ஒன்று. “போய் வா மகள். நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அதுவே காணும்” என்று யதுஷா எழுதியிருந்தாள். கொப்பியில் இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. எழுத்து விளங்கியது, அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை, “என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது?” என்று மாற்றினேன். கண்ணீருக்கு மொழி இல்லை என்பார்கள். எங்கள் தொழிலில் அது பெரிய வசதி.

டெனிஷா மட்டும் கேட்டாள்: “அங்கிள், மூஞ்சி சிரிக்குது, வசனம் அழுவுது. சரியா?”

“நீதிபதிமார் அப்படித்தான்” என்றேன்.

சுபோதினி அன்று தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல காலம், நீ போகேல்லை” என்றாள். யதுஷா கையை எடுக்கவில்லை.

ஆனியில் அபிஷனுக்கு மெல்பேர்னிலேயே வேறிடத்தில் கலியாணம் முடிந்தது. நான் வாழ்த்து அனுப்பினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் போட்டார். நல்ல பெடியன் என்று முதலே சொன்னேனே.

அதன் பிறகு ஒன்றுவிட்ட அண்ணன் எனக்குத் தேவையில்லை. ஆனால் நூறு பாகத்துக்கு மேலாக அண்ணனாக இருந்தவரைத் திடீரென்று மாப்பிள்ளை ஆக்க முடியுமா? சிங்களக் கதாசிரியர்கள் இவ்வளவு வேகமாகப் பிள்ளை கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் பிழை. முழுப் பொறுப்பும் எனது. ஸ்ரனிஸ்லாஸோ டெனிஷாவோ ஒன்றும் அறியார்கள்.

இவ்வளவையும் சொன்னவன் மிச்சத்தையும் சொல்லிவிடலாம். எனக்குச் சிங்களம் தெரியாது. பஸ்ஸில் இறக்கம் சொல்லவும், மீனுக்கு விலை பேசவும் தெரியும். மற்றப்படி, வைதேகி அம்மையார் ஆசனத்தில் இருந்து பேசும் சிங்களம் என் காதுக்கு மழைச் சத்தம். பதினொரு வருடமாக, ஆறு தொடர்களுக்கு, ஒவ்வொரு வரியையும் என் மகள்தான் கேட்டு எழுதினாள். அவள் போயிருந்தால், அடுத்த சனிக்கிழமை அந்த வீடியோவுக்கு முன்னால் நான் வெறுங்கொப்பியோடு இருந்திருப்பேன். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தொய்வைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

அவள் இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நான் கேட்டதில்லை, ஆனால் எழுத்து முன்பைவிட அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வருகிறது. எங்களுக்குள் ஒளிவுமறைவு என்று ஒன்றும் இருந்ததே இல்லை.

உங்கள் ஆங்கிலக் கடிதத்தில், வாக்குமூலம் சிங்களத்தில் இருக்க வேண்டும், திங்கட்கிழமை பத்து மணிக்கு முன் கையளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே செய்யப்படும்.

இதற்குக் கீழே உள்ளது குழுவுக்கு அல்ல. யதுஷா பிள்ளை, இதைச் சிங்களத்தில போட வேண்டாம். சனிக்கிழமை மற்ற வேலையை விட்டிட்டு மேல இருக்கிற வாக்குமூலத்தை முதல் சிங்களத்தில எழுது. அபிஷன் தம்பியின்ர பேர் வாற இடங்களில யோசிச்சுக்கொண்டு நிக்காமல் கெதியா எழுதிக்கொண்டு போ. நான் பிறகு மெருகு போடுறன்.