பரம்படித்த வயல்

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது, ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமதமாக வந்திருந்தால் தம்பி ஊருக்கு வந்த சமயத்தில் எங்கள் வயலில் சேறு இருந்திருக்காது. நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டி வந்திருக்காது. டீ நன்றாகத்தான் இருக்கிறது.

என் பெயர் சேரன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஊர். அப்பா சாமிதுரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியே காலத்தைக் கழித்து, கடைசியில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டுவிட்டுப் போனவர். அந்த நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வளவன் என் தம்பி, கால்பந்து ஆடுகிறவன். இடது ஓரத்தில் ஓடுவான். எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்தது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததில்லை.

அவன் இந்திய அணிக்குத் தேர்வானது உங்களுக்கே தெரியும். கடைத்தெருவில் பிளக்ஸ் வைத்தார்களே. தெற்காசியக் கோப்பை. நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு என்று சுற்றி இருப்பவர்களோடுதான் ஆட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வயல்காரரோடு வரப்புக்கு மல்லுக்கட்டுவதை நானும் வருடம் தவறாமல் செய்கிறேன். எனக்கு யார் பிளக்ஸ் வைத்தார்கள்? இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு இருந்தது களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

போன அறுப்பில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. செங்கல்லை வைத்தேன், காற்று செங்கல்லையும் புரட்டிவிட்டது. நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்தால் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வளவன் கல்கத்தாவில் ஆடிக்கொண்டிருந்தான். "தம்பி எப்படி ஓடுறான் பாரு" என்றாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடினான்.

அணியின் முகாமுக்குப் போவதற்கு முன் சில நாள் வீட்டில் இருக்க வந்தான். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடவுக்கு முன் சேறடித்துப் போட்ட வயலில் இறங்கி ஓடுவார்கள், காலுக்கு வலு ஏறும் என்று. வளவனுக்கு அது வேண்டுதல் மாதிரி. எந்தப் பெரிய ஆட்டத்துக்கு முன்னும் எங்கள் சேற்றில் ஓடிவிட்டுத்தான் கிளம்புவான். பயிற்சியாளர் கூடாது என்றாராம். கேட்கவில்லை.

அன்று காலையில் நான் பரம்படித்து முடித்திருந்தேன். உங்களுக்கு ஊர் வேறு பக்கம் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன். சேற்றின் மேல் பலகையை இழுத்து மட்டம் செய்வதுதான் பரம்படிப்பது. அவன் இறங்கி ஓடினான். வரப்பில் அம்மா கையில் துண்டோடு நின்றாள். மேற்கு மூலையில் திரும்பும்போது விழுந்தான். டிராக்டரில் சேறு அடிக்கிற ரொட்டவேட்டர் கத்தி ஒன்று, குதிகாலுக்கு மேலே இறங்கியிருந்தது. உழும்போது கழன்று விழுந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வாய்க்காலில் கழுவி, மஞ்சளை வைத்துக் கட்டினேன். அவன் டீம் டாக்டருக்கு போன் போடச் சொன்னான்.

"போட்டா இன்னைக்கே வேற ஆளை எடுத்துருவாங்கடா. ரெண்டு நாள் பொறு, ஆறிடும்" என்றேன்.

நம்பினான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செய்தி வெளியே போய்விடும் என்றேன், அதையும் நம்பினான். அந்தக் கோப்பை மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அம்மா கேட்டபோதெல்லாம் அவனே எனக்காகப் பேசினான். கொல்லைக்குப் போகவும் வரவும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை. சேர்ந்து சாப்பிட்டோம். வயல் எப்படி இருக்கிறது என்றுகூட ஒரு தடவை விசாரித்தான். எனக்கு அந்த நாட்கள் நிறைவாக இருந்தன, ஐயா. பொய் சொல்வானேன்.

காய்ச்சலில் அவன் பிதற்ற ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். கிராமத்து ஆள், விவரம் தெரியவில்லை என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

கோப்பை தொடங்கியபோது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் ஆட்டத்தன்று துணைக்கு இருக்கலாம் என்று பக்கத்து வயல் இளம்பரிதி வந்திருந்தார். வரப்புக்கு என்னோடு சண்டை போடுகிறவர் அவர்தான். வளவன் இடத்தில் யாரோ ஒரு சின்னப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். பேச்சு எப்படியோ காலுக்கு வந்தது.

"பரம்பை ஒழுங்கா அடிச்சிருந்தா அந்தக் கத்தி பலகையில தட்டுப்பட்டிருக்கும்ல, சேரா" என்றார் இளம்பரிதி.

எனக்குச் சுருக்கென்றது. என்னை எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், அரைகுறை வேலைக்காரன் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அதுவும் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் வரப்பை வெட்டித் தின்கிற ஆள்.

"நான் பரம்படிச்ச வயல்ல ஓட்டாஞ்சில்லுகூட கெடக்காது. கையால தடவிப் பாத்துட்டுத்தான் கரையேறுவேன். அன்னைக்கும் அப்படித்தான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து இந்தியா கோல் போட்டது. இளம்பரிதி கை தட்டினார். வளவன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அது அதுக்கப்புறம்தான் அங்க வந்துருக்கு" என்றான். அவ்வளவுதான். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

ஆமாம், அதற்கப்புறம்தான் வந்தது. அவன் குளித்துத் தயாராகும் நேரத்தில் ரொட்டவேட்டரிலிருந்து கத்தியைக் கழற்றினேன். தேய்ந்துபோன கத்தி, அரத்தால் கொஞ்சம் தீட்ட வேண்டியிருந்தது. மேற்கு மூலையில் திரும்பும்போது அவன் இடது காலை எங்கே ஊன்றுவான் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாக வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தை மண்ணில் நன்றாக இறுக்கி, முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் கையால் மட்டம் செய்தேன். நாலு தையல் விழும், இந்த ஒரு கோப்பை தவறிப்போகும், நடவு முடியும்வரை வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன்.

கால் போகும் என்று நினைக்கவில்லை. அப்படித்தான் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், அதனால் சரியாகவே சொல்லிவிடுகிறேன். மாடு கன்று வளர்த்தவன் நான். அவன் காலில் போட்ட கட்டை அவிழ்த்ததும் அழுகல் வாடை எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ஆறிக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். ஆறினால் அவன் கிளம்பிவிடுவான். திரும்பவும் தார்ப்பாயின் மறுமுனைக்குச் செங்கல் தேட எனக்குத் தெம்பில்லை.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. புகார் கொடுத்தது வளவன் என்கிறீர்கள். அம்மாகூட இல்லாமல், காலை பஸ்ஸில் தனியாக வந்து கொடுத்தான் என்கிறீர்கள். எங்கள் ஊர் பஸ்ஸின் படி உயரம், ஐயா. நான் பிடிக்காமல் அவன் வீட்டு வாசல்கூடத் தாண்டியதில்லை. வழியில் யார் அவனைத் தாங்கிப் பிடித்தது என்று கொஞ்சம் விசாரியுங்கள்.